கலிபோர்னியாவில் ஆன விவாகரத்து: தீர்ப்பின் சான்றிட்ட நகலைச் சேலத்திலிருந்து பெற வழி உண்டா?

சேலத்து மாங்கனி:

அனைவருக்கும் வணக்கம். எனக்குத் திருமணம் நடந்தது ஈரோட்டில், குடித்தனம் சன்னிவேலில். 2013-இல் சான்டா கிளாரா கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) விவாகரத்து ஆயிற்று. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது மறுமணம் நிச்சயமாகியிருக்கிறது. பதிவுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தபோது, நீதிமன்ற முத்திரையுள்ள தீர்ப்பு நகல் வேண்டும் என்றார்கள். என்னிடம் இருப்பது வக்கீல் அன்று மின்னஞ்சலில் அனுப்பிய ஸ்கேன் மட்டும்தான். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பழைய தொலைபேசி எண்ணும் இப்போது இல்லை. ஸ்கேனில் வழக்கு எண் மங்கிப்போய்ப் பாதிதான் தெரிகிறது.

இணையத்தில் தேடினால், உடனே ஆவணம் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் தளங்களே முன்னால் வந்து நிற்கின்றன. இதற்கு மாநில அரசை அணுக வேண்டுமா, கவுன்டியையா? நானே நேரில் போக வேண்டுமா? சன்னிவேலில் கல்லூரித் தோழி ஒருத்தி இருக்கிறாள், அவள் போனால் கொடுப்பார்களா? அப்பா தினமும் "காகிதம் வந்ததா" என்று கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃப்ரீமான்ட் வாசி:

அம்மா, முதலில் அந்தப் பணம் கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள். அவர்கள் கொடுப்பது வெறும் தேடல் அறிக்கை. முத்திரை போடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

மாநில அரசிடம் போவதிலும் பயனில்லை. கலிபோர்னியா பொதுச் சுகாதாரத் துறை 1962 முதல் 1984 ஜூன் வரை நடந்த விவாகரத்துகளுக்கு மட்டும் ஒரு சான்று தருகிறது. அதுவும் தீர்ப்பின் நகல் அன்று. தீர்ப்பு இருப்பது வழக்குத் தொடுத்த கவுன்டியின் சுப்பீரியர் நீதிமன்றத்தில், அதாவது அங்குள்ள விசாரணை நீதிமன்றத்தில். நான் இருக்கும் ஃப்ரீமான்ட் உங்கள் பழைய ஊருக்குப் பக்கம்தான். ஆனால் அலமேடா கவுன்டி. இங்கே கேட்டால் உங்கள் பெயரே இராது. இன்னொன்று: கவுன்டி கிளார்க்-ரெக்கார்டர் என்று தனி அலுவலகம் இருக்கிறது. திருமணச் சான்றும் சொத்துப் பத்திரமும் அங்கே கிடைக்கும். விவாகரத்துத் தீர்ப்பு கிடைக்காது. உங்கள் தோழி போக வேண்டியது சான் ஹோசேயில் வடக்கு முதல் தெருவில் உள்ள குடும்ப நீதி மைய நீதிமன்றத்துக்கு. அந்தக் கட்டடம் 2016-இல்தான் திறந்தது. உங்கள் ஸ்கேனில் வேறு முகவரி இருந்தால் குழம்ப வேண்டாம்.

நீங்களே போக வேண்டும் என்பதில்லை. கலிபோர்னியாவில் விவாகரத்துத் தீர்ப்பு பொது ஆவணம்; தோழி கேட்டாலும் கொடுப்பார்கள்.

வழக்கு எண்தான் முக்கியம். எண்ணின் நடுவே எஃப்.எல். (ஃபேமிலி லா, குடும்பச் சட்டம்) என்ற எழுத்துகளும் அதற்கு முன் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். மீதி தெரியாவிட்டால் நீதிமன்றத்தின் இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். வழக்கின் பதிவு விவரம் திரையில் வரும். குடும்ப வழக்கின் ஆவணங்களைத் திரையில் காட்ட விதி இடம் தருவதில்லை.

தேடும்போது நம் பெயர்கள்தான் படுத்தும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோ கணவர் பெயரோ அந்தக் கட்டத்தில் போய் உட்காரும். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு விசாவில் முழுப்பெயரும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்துவிடும். அண்டை வீட்டுத் தம்பி ஒருவருக்கு வழக்கே இல்லை என்று பதில் வந்தது, எஃப்.என்.யு. என்று போட்டுத் தேடியதும் கிடைத்தது. உங்கள் பெயரை முன்பின்னாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் முன்னாள் கணவர் பெயரைப் போடுங்கள். இருவர் பெயரிலும் வழக்கு பதிவாகியிருக்கும்.

இனி எந்தக் காகிதம் என்பது. எஃப்.எல்-180 என்று கீழ் மூலையில் அச்சான படிவம்தான் தீர்ப்பு. அதன் தலைப்புக்குக் கீழேயே மண உறவு முடியும் தேதி இருக்கும். நீதிபதி கையெழுத்திட்ட தேதி வேறு, இந்தத் தேதி வேறாக இருக்கலாம். மறுமணத்துக்குக் கணக்கில் வருவது இதுதான். எஃப்.எல்-190 என்பது தீர்ப்பு பதிவானதைத் தெரிவிக்கும் அறிவிப்பு. அதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

விவாகரத்துத் தீர்ப்புக்குச் சான்றிட 15 டாலர், நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட். கட்டணம் மாறக்கூடும், தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தபாலில் கேட்பதானால், பக்க எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாது என்பதால், தொகையை எழுதாமல் "இவ்வளவுக்கு மேற்படாமல்" என்று குறித்த காசோலையைப் பல நீதிமன்றங்கள் ஏற்கின்றன. தபால்தலை ஒட்டிய, தோழியின் முகவரி எழுதிய உறையையும் வைக்க வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் சேலத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். அதன்மேல் அப்போஸ்டில் வேண்டும், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று. கலிபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகம் அதைச் செய்கிறது. சாக்ரமென்டோவுக்குத் தபாலில் அனுப்பினால் ஆவணத்துக்கு 20 டாலர். எந்த நாட்டுக்கு என்று கடிதத்தில் எழுத வேண்டும். 2005 முதல் இந்தியாவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. நீதிமன்ற கிளார்க்கின் அசல் கையெழுத்துள்ள நகலுக்குத்தான் இது கிடைக்கும், ஜெராக்ஸுக்குக் கிடைக்காது.

மதுரை வழக்கறிஞர்:

மேலே பெரியவர் சொன்ன எல்லாவற்றையும் வழிமொழிகிறேன். இந்தியப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

சகோதரி, தீர்ப்பின் முதல் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுமா என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தீர்மானிக்கிறது. 1991-இல் நரசிம்மராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. திருப்பதியில் மணந்த கணவர் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயி கவுன்டி நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கி மறுமணமும் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார மணக் குற்றத்துக்கு வழக்குப் போட்டார். மிசௌரித் தீர்ப்பின் ஜெராக்ஸ் நகல் சாட்சியமாகாது என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றமோ அந்தத் தீர்ப்பையே ஏற்க மறுத்தது. அதேசமயம் விலக்குகளையும் சொன்னது. மறுதரப்பு தாமாக முன்வந்து அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு, நம் சட்டத்திலும் உள்ள காரணத்தின்மேல் வழக்காடியிருந்தால், அல்லது விவாகரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால், தீர்ப்பு ஏற்கப்படும்.

ஆகவே உங்கள் முன்னாள் கணவர் ஒப்புக்கொண்டார் என்பதைக் காட்டும் காகிதமும் உங்களிடம் இருக்க வேண்டும். எஃப்.எல்-180-இல், வழக்கு எப்படி விசாரிக்கப்பட்டது என்று காட்டும் கட்டங்கள் உண்டு. எதில் குறி இருக்கிறது என்று பாருங்கள். இருவரும் கையெழுத்திட்ட உடன்பாடு இணைப்பாக இருந்தால் அதையும் விடாமல் வாங்குங்கள். பக்கம் அதிகமாகும், பரவாயில்லை. அவர் பதில் மனு போட்டிருந்தால் அது எஃப்.எல்-120, அதன் நகலும் பயன்படும். அவர் வரவே இல்லை, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானது என்றால் பதிவுக்கு முன் குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். மறுமணம் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். பின்னால் யாரும் கேள்வி எழுப்பாதபடி இப்போதே கட்டிவைப்பது நல்லது.

குயின்ஸ் தமிழன்:

நியூயார்க்கில் விவாகரத்தானவர்கள் இதைப் படித்துவிட்டுத் தோழியை அனுப்ப வேண்டாம். இங்கே விவாகரத்து வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடக்கும் (பெயர்தான் அப்படி, விசாரணை நீதிமன்றம்தான்). கோப்பு கவுன்டி கிளார்க்கிடம் இருக்கும். அதைத் தம்பதியருக்கும் அவர்களின் வழக்கறிஞர்களுக்கும் தவிர வேறு யாருக்கும் நீதிமன்ற உத்தரவின்றிக் காட்ட மாட்டார்கள். டெக்சாஸில் கவுன்டி கிளார்க் அல்ல, டிஸ்ட்ரிக்ட் கிளார்க். மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

சேலத்து மாங்கனி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஃப்ரீமான்ட் ஐயா சொன்னபடி பெயரை முன்பின்னாக மாற்றிப் போட்டுத் தேடினேன்; வழக்கு எண் முழுதாகக் கிடைத்துவிட்டது. வக்கீல் ஐயாவுக்கு: நாங்கள் இருவரும் உடன்பாட்டில் கையெழுத்திட்டோம், அது தீர்ப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. முழுவதையும் வாங்கச் சொல்லித் தோழியிடம் பேசிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். தீர்ப்பில் என் பெயர் கணவர் பெயரோடு இருக்கிறது. இப்போதைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். இதைக் கேட்பார்களா?

ஃப்ரீமான்ட் வாசி:

கேட்கலாம் அம்மா. எஃப்.எல்-180-ஐப் பாருங்கள். முந்தைய பெயர் மீட்கப்படுகிறது என்று ஒரு வரி உண்டு. அதில் குறியிட்டு உங்கள் பழைய பெயர் எழுதியிருந்தால் அதுவே போதுமான ஆதாரம். வரி காலியாக இருந்தால், தீர்ப்புக்குப் பிறகும் எஃப்.எல்-395 என்ற படிவத்தில் அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். எத்தனை வருடம் கழிந்தாலும் பரவாயில்லை. தோழி சான் ஹோசே போவதற்கு முன் உங்கள் ஸ்கேனில் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள். அவர் நீதிமன்றத்தில் இருக்கும்போதே படிவத்தை விசாரித்துவிடலாம். வழக்கு எண்ணை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள், தோழிக்குத் தனியாக அனுப்புங்கள்.