ஃபுல் த்ராட்டில்ல வண்டி கட் ஆகுது, பேட்டரி பிளக் கொதிக்குது. பிளக்க மாத்தி டீன்ஸ் டைப் போடலாமா எக்ஸ்டி60 டைப் போடலாமா?

மண்ரோட்டு ரேசர் (கோவை):
வணக்கம்ங்க. என்கிட்ட ஒரு 1/10 சைஸ் ரிமோட் டூரிங் கார் இருக்கு, கிட்டோட வந்த 540 பிரஷ்டு மோட்டார்ல நிக்கல் பேட்டரி போட்டு ஓட்டுன வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. போன மாசம் 3650 பிரஷ்லெஸ் மோட்டார், 60 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தற சர்க்யூட்), 2எஸ் (ரெண்டு செல்) 5000 எம்ஏஹெச் லிப்போ பேட்டரின்னு மொத்தமா மாத்திட்டேன். இப்ப நேர் ரோட்ல ஃபுல் த்ராட்டில் அமுக்குனா ரெண்டு மூணு செகண்ட்ல வண்டி திக்கித் திக்கி நின்னுடுது, கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது. செக்கர்ல பாத்தா செல்லுக்கு 3.9 வோல்ட் காட்டுது, அப்ப பேட்டரி காலி இல்லீங்களே.

நிறுத்தி பாடிய கழட்டி பாத்தா பேட்டரி பிளக்குல கை வைக்க முடியல. வெள்ளை கலர்ல கொக்கி வச்சிருக்குமே அந்த டாமியா டைப் பெரிய பிளக்தான், பேட்டரியோட வந்தது. பிளஸ் பக்கம் மட்டும் டிகாஷன் கலருக்கு மாறி கொக்கி லேசா இளகிருச்சு, ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பித்தான் கழட்டுனேன். எது மாத்தறது? ஃப்ரெண்டு ஒருத்தன் டீன்ஸ்ங்கறான், இன்னொருத்தன் எக்ஸ்டி60ங்கறான். ஒரு அடாப்டர் வாங்கி நடுவுல மாட்டுனா போதுமா?

சிலிக்கான் ஒயர்:
அடாப்டர் வேண்டவே வேண்டாம் ப்ரோ. கெட்டுப்போன பிளக் அப்படியே இருக்கும், அதுக்கு மேல இன்னொரு ஜாயின்ட் சேரும், அவ்வளவுதான்.

வண்டி நிக்கறதுக்கும் பிளக் சுடறதுக்கும் காரணம் ஒண்ணேதான். லோடுல அந்த பிளக்குலயே வோல்டேஜ் விழுது, ஈஎஸ்சிக்கு வந்து சேர்றது கம்மி, அது பேட்டரி தீந்து போச்சுன்னு நெனச்சு கட்-ஆஃப் பண்ணிடுது. த்ராட்டில விட்டா வோல்டேஜ் மேல ஏறிடும், அதனால செக்கர்ல நல்லாத்தான் காட்டும். பிளஸ் பக்கம் மட்டும் கருகிருக்குன்னு சொன்னது நல்ல துப்பு. ரெண்டு பின்லயும் ஓடற கரன்ட் ஒண்ணுதான், ஒரு பக்கம் மட்டும் சுட்டா அந்த பக்க கிரிம்ப் (ஒயர நசுக்கிப் பிடிக்கற தகடு) லூஸ், இல்லேன்னா உள்ள இருக்கற குழாய் விரிஞ்சு போச்சு.

நியாயத்துக்கு அந்த பிளக்க திட்ட முடியாது, 540 மோட்டாருக்கும் நிக்கல் பேட்டரிக்கும் வந்தது அது, 10-15 ஆம்ப் வரைக்கும் ஒழுங்கா தாங்கும். உங்க புது செட்டப் அத தாண்டி எங்கயோ போயிருச்சு. ஒரு ரன் எவ்வளவு நிமிஷம் ஓடுது, ஓட்டி முடிச்சதும் சார்ஜர் எவ்வளவு எம்ஏஹெச் திருப்பி ஏத்துதுன்னு சொல்லுங்க.

பழைய பிட் ஆளு:
டீன்ஸ் போடுங்க தம்பி. எக்ஸ்டி60 வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ரேஸ்ல அதான் ஓடுச்சு, சின்னது, வெயிட் இல்ல, ஸ்ப்ரிங் தகடு கப்புனு பிடிக்கும். ஒண்ணே ஒண்ணு, ஒரிஜினலா பாத்து வாங்கணும். டி-பிளக்னு சல்லிசா கெடைக்கறதுல பாதிக்கு மேல காப்பி, சால்டர் வைக்கும்போதே பிளாஸ்டிக் இளகி தகடு சாஞ்சுக்கும், அப்புறம் ஸ்ப்ரிங்குக்கு பிடிப்பே இருக்காது.

மண்ரோட்டு ரேசர்:
12 நிமிஷம் ஓட்டுனேங்க, நின்னு நின்னு ஓடுனதையும் சேத்து. சார்ஜர் 3600 ஏத்துச்சு.

சிலிக்கான் ஒயர்:
3.6 ஆம்ப்-ஹவர், 12 நிமிஷம்னா மணி நேரத்துல அஞ்சுல ஒரு பங்கு, ஆக சராசரியே 18 ஆம்ப். இது சராசரிதான், ஸ்டார்ட்லயும் ஃபுல் த்ராட்டில்லயும் 40, 50ன்னு சாதாரணமா இழுக்கும். கெட்டுப்போன கான்டாக்ட் ஒண்ணுக்கு 10 மில்லிஓம்னு வச்சுக்கங்க, 40 ஆம்ப்ல 0.4 வோல்ட் அங்கயே போச்சு, 16 வாட் சூடா இறங்குது. சின்ன சால்டரிங் அயர்ன் ஒண்ண பிளக்குக்குள்ள சொருகி வச்ச மாதிரிதான். நல்ல எக்ஸ்டி60ல கான்டாக்ட் அரை மில்லிஓம் சுத்துலதான் வரும், அதே 40 ஆம்புக்கு ஒரு வாட் கூட தேறாது.

என் ஓட்டு எக்ஸ்டி60க்கு. பிட் ஆளு அண்ணே சொன்னது தப்பில்ல, நல்ல டீன்ஸ் இந்த வண்டிக்கு தாராளமா தாங்கும். ஆனா கை வேர்த்திருக்கும்போது அத இழுத்து கழட்டி பாருங்க, பிடிக்க எடமே இல்லாம ஒயர பிடிச்சு இழுக்க தோணும், அங்கதான் ஜாயின்ட் போகும். எக்ஸ்டி60ல உள்ள 3.5 மிமீ புல்லட் (உருளை பின்), வெளிய நைலான், தப்பா சொருகவும் முடியாது.

இன்னொண்ணு, 60ங்கற நம்பர தொடர்ச்சியான 60 ஆம்ப்னு எடுத்துக்காதீங்க. தயாரிக்கிற அமாஸ் கம்பெனியோட டேட்டாஷீட்லயே தொடர்ச்சியா 30, கொஞ்ச நேரத்துக்கு 60ன்னுதான் இருக்கும். உங்க 18 சராசரிக்கு அது போதும். 3எஸ், 4எஸ்னு முரட்டுத்தனமா ஓட்டற பெரிய பாஷிங் டிரக் பக்கம் போனா எக்ஸ்டி90 இல்லேன்னா ஈசி5 மாதிரி பெரிய பிளக் பாருங்க.

ஈப்போ டிரிஃப்டர்:
நான் மலேசியா. இங்க டிராக்குல பாதி பேர் ஈசி5, ஐசி5தான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரும், 5 மிமீ புல்லட். புல்லட்ட வெளியவே வச்சு ஈயம் பத்த வச்சிட்டு அப்புறமா ஹவுசிங்குக்குள்ள தள்ளி கிளிக் பண்ணலாம், அதனால பிளாஸ்டிக் உருகும்ங்கற பயமே இல்ல. தள்ளத்தான் கொஞ்சம் தெம்பு வேணும். ஒண்ணு மட்டும் சொல்றேன் அண்ணே, எதப் போட்டாலும் எல்லா பேட்டரி, சார்ஜர் லீடு, ஈஎஸ்சி எல்லாத்துலயும் ஒரே டைப்பா போட்ருங்க. கூட ஓட்டற ஆளுங்க எது வச்சிருக்காங்கன்னும் பாத்துக்கங்க, அவசரத்துக்கு பேட்டரி கடன் வாங்கலாம்.

மண்ரோட்டு ரேசர்:
சரிங்க, எக்ஸ்டி60யே போட்டுடறேன். சென்னை போற சொந்தக்காரர்கிட்ட ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கியார சொல்லிருக்கேன். என்கிட்ட 25 வாட் அயர்ன்தான் இருக்கு, ஆகுமுங்களா? பேட்டரி பக்கம் எது வரணும்?

சிலிக்கான் ஒயர்:
25 வாட்ல ஆகாது. 12 கேஜ் ஒயரும் பித்தளை கப்பும் சேந்து சூட்ட உறிஞ்சிடும், நீங்க நிமிஷக்கணக்கா வச்சு அழுத்துவீங்க, கடைசில ஈயம் மேல உருண்டை உருண்டையா நிக்கும், உள்ள பிளாஸ்டிக் மட்டும் இளகிரும். 60 வாட்டுக்கு குறையாம, தட்டை முனை பிட்டோட யார்கிட்டயாச்சும் இரவல் வாங்குங்க. நல்ல சூடா வச்சு சட்டுனு முடிக்கணும்.

பேட்டரி பக்கம் ஃபீமேல் வரணும், அதுலதான் உலோகம் வெளிய நீட்டாம உள்ள மறைஞ்சிருக்கும். மேல் (ஆண் பிளக்) ஈஎஸ்சி பக்கம். பத்த வைக்கும்போது எதிர் ஜோடி ஒண்ண சொருகி வச்சிட்டு பத்த வைங்க, பிளாஸ்டிக் கொஞ்சம் இளகுனாலும் பின் நேராவே நிக்கும். ஒயர்ல முதல்ல ஈயம் பூசுங்க, கப்புலயும் பாதி ரொப்புங்க, அப்புறம் ரெண்டையும் சேத்து சூடாக்குனா ஒயர் தானா உள்ள இறங்கும். ஆறுற வரைக்கும் ஆட்டக்கூடாது. சுருங்கற ஸ்லீவ ஒயர்ல முதல்லயே மாட்டிக்கங்க, இத மறக்காத ஆளே கெடையாது.

முக்கியமானது இதுதான்: பேட்டரி ஒயர் ரெண்டையும் ஒண்ணா வெட்டிடாதீங்க. கட்டர் பிளேடே ஷார்ட் பண்ணிடும், லிப்போ அதுல மன்னிக்காது. ஒண்ண வெட்டி, பத்த வச்சு, ஸ்லீவ் போட்டு மூடுனதுக்கப்புறம் அடுத்தது. பிளக்குலயே பிளஸ் மைனஸ் அச்சு இருக்கும், ஆனாலும் ஈஎஸ்சில சொருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல ஒரு தடவ பாத்துருங்க.

பழைய பிட் ஆளு:
சார்ஜர் லீடயும் மாத்துவீங்கல்ல? பனானா பிளக்க சார்ஜர்ல மாட்டுனதுக்கப்புறம்தான் பேட்டரிய சேக்கணும். மாத்தி செஞ்சா ரெண்டு பனானாவும் கரன்ட்டோட தொங்கிட்டு கெடக்கும், ஒண்ணோட ஒண்ணு முட்டுனா முடிஞ்சுது. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கறப்ப ஹவுசிங்ல அமாஸ்னு எழுத்து இருக்கான்னு பாக்க சொல்லுங்க. எக்ஸ்டி60ல மட்டும் காப்பி இல்லையா என்ன.

மண்ரோட்டு ரேசர்:
மாத்தியாச்சுங்க. பக்கத்து செல்போன் கடைக்காரர் 80 வாட் அயர்ன் குடுத்தாரு, அவரே பிடிச்சுக்கிட்டாரு. நேத்து சாயங்காலம் முழு பேக்கும் ஓட்டிட்டேன், ஒரு எடத்துலயும் கட் ஆகல, பிளக் வெதுவெதுப்பா கூட இல்ல. பழைய பிளக்க பிளந்து பாத்தா நீங்க சொன்ன மாதிரியே பிளஸ் பக்கம் கிரிம்ப் ஒயர் இழை பாதியத்தான் பிடிச்சிருக்கு, மிச்சம் வெளிய கருகி நிக்குது. ஆனா இப்ப மோட்டார் சுடுதுங்க.

சிலிக்கான் ஒயர்:
இவ்வளவு நாள் பிளக்கே அத காப்பாத்திட்டு இருந்துச்சு 😄 பினியன் (மோட்டார் தண்டுல இருக்கற சின்ன பல்சக்கரம்) எத்தனை பல்? ரெண்டு பல் குறைச்சு போட்டு பாருங்க, அப்பவும் கொதிச்சா போட்டோவோட தனியா கேளுங்க.

வேடிக்கை பார்ப்பவன்:
நடுவுல ஒரு கேள்வி. என் 4எஸ் டிரக்குல சொருகும்போதெல்லாம் பட்டுனு பொறி வருது, பின் முனை கருப்பா போகுது. கனெக்டர் மாத்தணுமா?

ஈப்போ டிரிஃப்டர்:
அது ஈஎஸ்சி கெப்பாசிட்டர் ஒரே இழுவைல நிரம்பறது, பிளக் கோளாறு இல்ல. தொந்தரவா இருந்தா எக்ஸ்டி90-எஸ் போடுங்க, உள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கும், முதல்ல அது வழியா மெதுவா நிரம்பிட்டு அப்புறம்தான் முழு கான்டாக்ட் ஆகும். பச்சை வளையம் பாத்து வாங்குங்க. சொருகும்போது பாதில நிறுத்தி யோசிக்காதீங்க, முழுசா தள்ளிடுங்க, பாதில விட்டு த்ராட்டில் குடுத்தா அந்த ரெசிஸ்டர் போயிரும்.