கம்பி முடிச்சும் சோப்புப் படலமும்

செம்பூர்க்காரன்:
மாட்டுங்காவில் வாங்கிய கட்டுக்கம்பியை மூவிதழ் முடிச்சாக வளைத்து சோப்புத் தண்ணீரில் முக்கினேன். (வாளி வேண்டுமென்று அம்மா கத்தியது தனிக்கதை.) மூன்று அரை முறுக்குள்ள ஒரு பட்டை கிடைத்தது. முடிச்சுகளைப் பிரித்தறிய ஒவ்வொன்றுக்கும் கணக்கிடும் பல்லுறுப்புக் கோவைதான் அலெக்சாண்டர் கோவை; இந்த முடிச்சுக்கு அதன் கெழுக்கள் 1, −1, 1. படலத்துக்கும் இதற்கும் என்ன உறவு?

பாண்டுப் வாத்தியார்:
தம்பி, உங்கள் படலத்துக்கு ஒரே பக்கம்தான், மோபியஸ் பட்டை மாதிரி. நமக்கு இரண்டு பக்கம் வேண்டும். 1934-இல் கணிதர் சைஃபர்ட் சொன்ன வழி: முடிச்சுக்கு ஒரு திசை கொடுங்கள். படத்தில் கயிறு தன்னையே தாண்டும் ஒவ்வொரு குறுக்கிலும் வெட்டி, திசை மாறாமல் ஒட்டுங்கள். இரண்டு வட்டங்கள் வரும். அவற்றைத் தட்டுகளாக்கி மூன்று முறுக்கிய பட்டைகளால் இணையுங்கள். கிடைப்பது ஓட்டை போட்ட மெதுவடைத் தோல், கைப்பிடி எண் 1. (பரப்பில் எத்தனை வடைத்துளை என்பதே அந்த எண்; முடிச்சை விளிம்பாகக் கொண்ட இருபக்கப் பரப்புகளில் மிகக் குறைந்ததே முடிச்சின் எண்.)

அதில் இரண்டு வளையங்கள் வரைந்து, ஒன்றை மேல்பக்கமாகக் கொஞ்சம் தூக்கி, மற்றதோடு எத்தனை முறை கோத்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே பக்கமென்றால் எது மேல்? அதனால்தான் அந்த நிபந்தனை. எண்களை 2×2 அணியாக்கினால் அதிலிருந்தே கோவை பிறக்கும். ஆகவே கோவையின் படி, கைப்பிடி எண்ணின் இருமடங்கைத் தாண்டாது.

குர்லா வாசி:
சார் சொன்னதில் ஒரு எச்சரிக்கை. குறுக்குகளில் மேலும் கீழும் மாறிமாறிப் போகும் முடிச்சுகளில் படியும் அந்த இருமடங்கும் சமமாகவே வரும். ஆனால் 11 குறுக்குகள் கொண்ட கினோஷிதா–தெராசகா முடிச்சுக்குக் கோவை வெறும் 1, கைப்பிடி எண்ணோ 2. முடிச்சே இல்லாத வளையத்துக்கும் கோவை 1தான்; கோவையை மட்டும் நம்பினால் அவிழ்ந்த கயிறு என்றே நினைப்போம்!

செம்பூர்க்காரன்:
சரி சார், ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் ஒட்டிப் பார்க்கிறேன். வாளி கிடைக்காது.