ஐம்பது டிகிரி வெயிலில் எலக்ட்ரிக் கார்: ஓட்டுகிறவர்களின் அனுபவம்

ஷார்ஜா, அல் நஹ்தாவிலிருந்து:

எலக்ட்ரிக் கார் வாங்கலாமா என்று யோசிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "இந்த வெயிலில் ஏசி போட்டால் சார்ஜ் மொத்தமும் போய்விடாதா?" என்றுதான். போகாது. நான் தினமும் ஜெபல் அலி வரை போய் வருகிறவன். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஏசி இழுப்பது ஒன்றரை கிலோவாட் அளவுதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடவே 15 முதல் 18 கிலோவாட் வேண்டும். கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். வெளியே 45, உள்ளே 24 என்றால் இடைவெளி 21 டிகிரி. மைனஸ் 10 டிகிரியில் ஹீட்டர் போட்டு ஓட்டுகிறவனுக்கு அது முப்பதைத் தாண்டும், குளிரில் பேட்டரியும் மந்தமாகிவிடும். ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், அந்த விஷயத்தில் நம் பாடு தேவலை. ஆனால் மாலையில் துபாய் – ஷார்ஜா அல் இத்திஹாத் ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டால் கதை வேறு. வண்டி நகராது, ஏசி மட்டும் ஓடும்.

உண்மையான தொல்லை சார்ஜ் போடும்போதுதான். என் பில்டிங்கில் சார்ஜர் கிடையாது, வெளியேதான் போட வேண்டும். ஜூலை மாதம் மதியம் மூன்று மணிக்கு ஃபாஸ்ட் சார்ஜரில் செருகிப் பாருங்கள். வெயிலில் தொங்கிக் கிடந்த சார்ஜர் கன்னை (வண்டியில் செருகும் கைப்பிடியை) வெறும் கையால் பிடிக்க முடியாது. அதற்கென்றே கதவுப் பையில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். செருகியதும் திரையில் 110 கிலோவாட் காட்டும். அப்புறம் பானட்டுக்கு அடியில் ஃபேன்கள் இரைய ஆரம்பிக்கும், 110 கொஞ்சம் கொஞ்சமாக 45-க்கு இறங்கும். அதே நேரம் ஏசியில் வருகிற காற்றும் வெதுவெதுப்பாகிவிடும். பேட்டரியைக் குளிர்விப்பதும் நம்மைக் குளிர்விப்பதும் ஒரே கம்ப்ரஸர். இருவரில் யார் முக்கியம் என்று வண்டி முடிவு செய்துவிடுகிறது, நாம் இல்லை. அதே கார், அதே சார்ஜர், இரவு பதினொரு மணிக்குப் போனால் வேகம் இந்த அளவுக்கு இறங்குவதில்லை. அதனால் கோடையில் சார்ஜ் எல்லாம் இரவில்தான்.

இன்னொன்று, 100 சதவீதம் ஏற்றிவிட்டு மணல் பார்க்கிங்கில் நாள் முழுக்க நிறுத்தாதீர்கள். நிக்கல் கலந்த பேட்டரிக்கு நிறைந்த சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகாது, சீக்கிரம் கிழடு தட்டும். எல்எஃப்பி, அதாவது நிக்கல் இல்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, கொஞ்சம் தாங்கும். கம்பெனிக்காரர்களே அதை அவ்வப்போது முழுக்க ஏற்றச் சொல்கிறார்கள்.

அல் ஐனிலிருந்து:

அண்ணே சொன்னது சரி. ஏசியை விட சார்ஜைத் தின்பது வேகம். அபுதாபி – அல் ஐன் ரோட்டில் 160 வரை போகலாம். போகலாம் என்பதற்காகப் போனால் சதவீதம் கண்ணெதிரே உருகும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. நான் 120-க்கு மேல் தொடுவதில்லை. பின்னால் லேண்ட் குரூசர் லைட் அடித்தால் ஒதுங்கி வழி விடுவேன், அவ்வளவுதான்.

பெரிய பேட்டரியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், என்னை நடுத்தெருவில் நிறுத்தியது சின்ன பேட்டரி. பல எலக்ட்ரிக் கார்களிலும் பெட்ரோல் காரில் உள்ளதைப் போலவே 12 வோல்ட் ஈய பேட்டரி ஒன்று இருக்கிறது. கதவு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான். வளைகுடா வெயிலில் அது இரண்டு வருஷம் தாண்டுவதே பெரிய விஷயம். ஒரு நாள் மதியம் லுலுவிலிருந்து சாமானோடு வெளியே வருகிறேன், கதவு திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் இருக்கிறது! கடைசியில் ரிமோட்டுக்குள் இருந்த சாவியால் திறந்து, ரிகவரிக்காரரை வரவழைத்தேன். பெஷாவர்க்காரர், பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்ஜினே இல்லை, இதற்கும் பேட்டரி போச்சா?" என்று சிரித்தார். ஐந்து நிமிஷத்தில் ஜம்ப் கொடுத்துவிட்டார். இப்போது இரண்டாவது கோடை முடிந்ததும் கேட்காமலே மாற்றிவிடுகிறேன்.

அபுதாபி, முஸஃபாவிலிருந்து:

விலை குறைவு என்று சைனா ஸ்பெக் வண்டி (சீனாவில் விற்கச் செய்தது) பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் சார்ஜிங் போர்ட் வேறு, இங்கே உள்ள சார்ஜர்கள் வேறு. அடாப்டரைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். மெனு சீன மொழியில் இருக்கும். ஏஜென்ஸியில் வாரண்டி என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஜிசிசி ஸ்பெக், அதாவது வளைகுடா நாடுகளுக்கென்று செய்த வண்டி, என்று கேட்டு வாங்குங்கள், இந்த வெயிலை நினைத்துச் செய்தது அது. நான் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன், பார்த்துத்தான் சொல்கிறேன்.

அரிசோனா, சாண்ட்லரிலிருந்து:

எங்கள் ஊர் வெயிலும் சளைத்ததல்ல. 2023-ல் பக்கத்து ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியது. அதைவிட மோசம் ராத்திரி. 16 நாள் வரிசையாக 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. வீட்டோடு சேர்ந்த கராஜ் என்பது இங்கே ஒரு அடுப்பு. மேற்குப் பார்த்த கதவு என்றால் நடுராத்திரியிலும் உள்ளே கால் வைக்க முடியாது. அதனால் நான் வந்ததும் செருகுவதில்லை, விடியற்காலை நான்கு மணிக்கு டைமர் வைத்துவிடுவேன். கிளம்பும் முன்பு, பிளக்கில் இருக்கும்போதே ஏசியைப் போட்டுவிட்டால் அந்தக் குளிர் வீட்டுக் கரண்டில் வந்துவிடுகிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதல் தலைமுறை நிஸ்ஸான் லீஃப் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. 2012 வாக்கிலேயே ஃபீனிக்ஸ்காரர்களின் டாஷ்போர்டில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் சில காணாமல் போக ஆரம்பித்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பிறகு கம்பெனி ஐந்து வருஷம் அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கோட்டுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்றது. பேட்டரியைக் குளிர்விக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்று பார்க்காமல் பாலைவனத்தில் எந்த எலக்ட்ரிக் வண்டியையும் வாங்க வேண்டாம்.

துபாய், கராமாவிலிருந்து:

ஸ்கூல் லீவுக்கு ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசமும் ஊருக்குப் போகிறோம். வண்டியை எத்தனை சதவீதத்தில் விட்டுப் போவது?

மீண்டும் ஷார்ஜாவிலிருந்து:

பாதி சார்ஜில் விடுங்கள், போதும். ஓரம் நிற்கும்போது வேலை செய்கிற கேமரா, உள்ளே சூடு ஏறாமல் காக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தினமும் சார்ஜ் கரையும். 12 வோல்ட் பேட்டரி பழசு என்றால் போகும் முன்பே மாற்றிவிடுங்கள். முடிந்தால் பேஸ்மென்ட். தெருவில்தான் இடம் என்றால் நாத்தூரிடம் (பில்டிங் காவலாளியிடம்) சொல்லி வாரம் ஒரு முறையாவது துடைக்க ஏற்பாடு செய்யுங்கள். துபாயில் தூசி படிந்த வண்டிக்கு முனிசிபாலிட்டி 500 திர்ஹாம் வரை அபராதம் போடும், எலக்ட்ரிக் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.