கார்புரேட்டரில் பெட்ரோல் வழிவது ஏன்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் நான் அன்றாடம் ஓட்டும் பழைய கப்சாய் மோட்டாரை (சிறிய மோட்டார்சைக்கிளை) நிறுத்தியதும், எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரின் அடிக்குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. எதை முதலில் பார்க்க வேண்டும், ஐயா?

பதில் 1: கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் உயரும்போது அதிலுள்ள மிதவை மேலெழுந்து, ஊசியைத் தள்ளி பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டும், ஊசிமுனையில் தூசி சிக்கியிருந்தாலோ தேய்மானத்தால் வளையம்போல் பள்ளம் விழுந்திருந்தாலோ வழி முழுமையாக அடைபடாது. தம்பி, கிண்ணத்தை ஸ்குரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். தூசியென்றால் சில வேளை அதுவே போதும்.

பதில் 2: அப்படியும் சொட்டுவது நிற்காவிட்டால் மிதவையைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் மிதவை ஓட்டை. வழியும் பெட்ரோல் எஞ்சினுக்குள்ளும் இறங்கலாம்; எஞ்சின் எண்ணெயில் பெட்ரோல் வாடை வீசினால், எண்ணெயை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

கேட்டவர்: ஊசியில் வளையம் தெரிந்தது. புதிய ஊசியைப் பொருத்தியதும் சொட்டுவது நின்றது, ஐயா.