ஆர்கேட் பெட்டி: ஓட்டை போடுறதுக்கு முன்னாடி ஒரு யோசனை வேணும்

வணக்கம் மக்களே. பசங்க லீவுக்குள்ள முடிச்சிடலாம்னு வீட்டுக்கு ஒரு ஆர்கேட் பெட்டி (அந்தக் காலத்துல கடைகள்ல காசு போட்டு நின்னுக்கிட்டு ஆடுற வீடியோ கேம் பெட்டி மாதிரி) செய்ய ஆரம்பிச்சேன். 18 மி.மீ. பிளைவுட்டை ஆசாரி வெட்டிக் கொடுத்துட்டார். உள்ளே ராஸ்பெர்ரி பை 4-ங்கிற குட்டிக் கம்ப்யூட்டர், அதுல பழைய கேம்களை ஓட்டுற ரெட்ரோபை மென்பொருள். பரண்ல கிடந்த 19 இன்ச் சதுர மானிட்டருக்கு இன்னும் உசுரு இருக்கு, அந்தச் செலவு மிச்சம்.

இடிக்கிறது ஜாய்ஸ்டிக்தான். 1980-ல வந்த பேக்-மேனுக்கு (பேய்கிட்ட மாட்டாம சந்துபொந்துல புள்ளிகளைத் தின்னுக்கிட்டே ஓடுற கேம்) நாலு திசை போதும். நான் வாங்கினது எட்டுத் திசை. குச்சி கொஞ்சம் மூலைப்பக்கம் சாய்ஞ்சா அடியில பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு திசையோட மைக்ரோ சுவிட்சும் ஒண்ணா அமுங்குது. திருப்பத்துல பேக்-மேன் முழிச்சிக்கிட்டு நிக்குது, பேய் வந்து முழுங்கிடுது. வீட்டுக்காரிக்கு அந்த ஒரு கேம்தான் வேணும். பையனுக்கோ சண்டை கேம், அதுக்கு எட்டுத் திசை இல்லாம முடியாது.

குச்சிக்கு அடியில இருக்கிற தடுப்புத் தகட்டைத் திருப்பி நாலு திசையா மாத்தலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறக்கிறதா? பேசாம நடுவுல நாலு திசைக் குச்சி தனியா ஒண்ணு போட்டுடலாமா? யூஎஸ்பி என்கோடர் (குச்சி, பட்டனோட ஒயர்களைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற சின்ன போர்டு) ரெண்டுதான் இருக்கு, மூணாவது குச்சியை அதுலயே சேர்க்க வழி உண்டா?

உயரமும் குழப்பம். மகளுக்கு 7 வயசு, நான் அஞ்சே முக்கால் அடி. குச்சியும் பட்டனும் வர்ற பலகையை, அதாவது பேனலை, 36 இன்ச் உயரத்துல வச்சா அவளுக்கு ஸ்டூல் வேணும். அம்மா இப்பவே திட்டுறாங்க.

பட்டனுக்கு 30 மி.மீ. ஓட்டை இன்னும் போடல. ஞாயித்துக்கிழமை ஆசாரி வர்றார். செஞ்சு பார்த்தவங்க அதுக்குள்ள சொல்லுங்க, பேனல் போட்டோ இருந்தா ரொம்ப நல்லது.