வலச்சொடுக்குப் பட்டியா, சூழல் பட்டியா? என் ஓட்டு ‘சார்பட்டி’க்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

வலது பொத்தானைத் தட்டினால் திறக்கும் ‘கான்டெக்ஸ்ட் மெனு’வுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று கேட்கும் இந்த இழையில் இத்தனை நாள் நான் வாய் திறக்காததற்குக் காரணம், எனக்கும் விடை தெரியாது என்பதுதான். போன வாரம் திருவல்லிக்கேணியில் தெரிந்தவர் ஒருவரின் டிடிபி கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் ஒரு வழி தெரிந்த மாதிரி இருக்கிறது.

அவரிடம் பழைய உரைக்கோப்புகள் ஏகப்பட்டவை. சிலது பாமினி என்ற பழைய எழுத்துருவில், சிலது 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு வந்த டாப் குறியாக்கத்தில். ஒவ்வொன்றையும் திறந்து, படியெடுத்து, ஒருங்குறி (யூனிகோட்) மாற்றியில் ஒட்டி, திரும்ப எடுத்து என்று நாள் முழுக்க இதே வேலை. கணினியில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லினக்ஸ் பணிச்சூழல் இருந்தது. அதன் கோப்பு மேலாளரான துனாரில் ‘கன்ஃபிகர் கஸ்டம் ஆக்‌ஷன்ஸ்’ என்று ஒரு வசதி உண்டு. அதில் ஒரு பெயர், ஓர் ஆணை கொடுத்தால் போதும், கோப்பின் மேல் வலது பொத்தானைத் தட்டும்போது அந்தப் பெயரும் பட்டியில் வந்து நிற்கும். ஓப்பன்-தமிழ் பைத்தான் நிரலகத்தில் இந்தக் குறியாக்கங்களை மாற்றும் செயல்கள் ஏற்கெனவே இருப்பதால், நான் எழுதியது பத்துப் பன்னிரண்டு வரிதான். ‘ஒருங்குறிக்கு மாற்று’ என்று பெயர் வைத்தேன். வேலை செய்கிறது.

சிக்கல் அப்புறம்தான். “எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, பையனுக்குக் காட்டணும்” என்றார் கடைக்காரர். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. கோப்பின் மேல் எதைத் திறக்கச் சொல்வது?

‘வலச்சொடுக்குப் பட்டி’ என்பதுதான் இந்த இழையில் அதிகம் பேர் சொன்னது. கேட்டதும் புரிகிறது, அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் அந்தப் பையன் இடக்கைக்காரன். சுட்டியின் (மவுஸின்) பொத்தான்களை இடம் வலமாக மாற்றி வைத்திருக்கிறான். தாளை நம்பி வலப்பக்கம் தட்டினால் அவனுக்குக் கோப்புத் தேர்வாகும், பட்டி வராது. மேக்கில் 1997-இல் எட்டாம் பதிப்போடு இந்தப் பட்டி வந்தபோது அந்தச் சுட்டிக்கு இருந்ததே ஒற்றைப் பொத்தான். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்க வேண்டும். விண்டோஸில் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினாலும் வரும். தொடுதிரையில் விரலை ஊன்றிக் காத்திருந்தால் வரும். திறக்க இத்தனை வழி இருக்கும்போது ஒரு வழியின் பெயரை மட்டும் பட்டிக்குச் சூட்டுவது, கிழக்கு வாசல் வழியாகப் போனோம் என்பதற்காகக் கோயிலையே ‘கிழக்கு வாசல்’ என்று கூப்பிடுவது போல.

‘சூழல் பட்டி’ என்று பலர் ஏற்கெனவே எழுதிவருகிறார்கள். எனக்குப் பெரிய பகை இல்லை. ஆனால் க்னோம், கேடிஇ போன்ற லினக்ஸ் முகப்புகளைப் பணிச்சூழல் என்கிறோமே. ‘சூழல் பட்டியை மாற்று’ என்றால் எதை மாற்றுவது? முழுப் பணிச்சூழலின் பட்டியையா, இந்தக் கோப்பின் பட்டியையா? எங்கள் கடைக்காரர் இரண்டாவதைப் புரிந்துகொள்ளவே இல்லை.

தமிழாசிரியர் அம்மா ‘இடஞ்சுட்டிப் பட்டி’ என்று எழுதியதைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. பள்ளிக்கூடத்து வினாத்தாளில் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று நாம் எல்லோரும் எழுதி மதிப்பெண் வாங்கியது இதே கருத்துக்குத்தானே. போதாக்குறைக்குச் சுட்டியும் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அம்மா, மன்னிக்கணும். இடம் என்றால் இடப்பக்கமும் ஆயிற்றே! பெரும்பாலோர் வலது பொத்தானில் திறக்கும் பட்டிக்கு ‘இடஞ்சுட்டி’ என்று பெயர் வைத்தால், உதவி கேட்டு வரும் முதல் தொலைபேசி அழைப்பே அதைப் பற்றித்தான் இருக்கும்.

சரி, என் முன்மொழிவுக்கு வருகிறேன். துனாரின் அந்தப் பெட்டியில் இரண்டாவதாக ஒரு தாள் (டேப்) இருக்கிறது. நாம் சேர்த்த வரி எந்தெந்தக் கோப்புக்குத் தெரிய வேண்டும் என்று அங்கே சொல்லலாம். ‘உரைக்கோப்பு’ என்பதில் மட்டும் குறியிட்டேன். படத்தின் மேல் தட்டினால் ‘ஒருங்குறிக்கு மாற்று’ வராது, வெற்றிடத்தில் தட்டினாலும் வராது. இந்தப் பட்டிக்குத் தனி இருப்பு இல்லை, எதையாவது சார்ந்துதான் வரும். இலக்கணத்தில் இதற்கு அச்சு அசலாக ஒன்று உண்டு: சார்பெழுத்து. முதலெழுத்து தானே நிற்கும், சார்பெழுத்து பக்கத்து எழுத்தையோ இடத்தையோ சார்ந்து பிறக்கும். தொல்காப்பியர் மூன்று என்றார், நன்னூலார் பத்தாக்கினார். சார்ந்து வருவது கூடிக்கொண்டே போகும் என்பது கணினிக்கும் பொருந்துகிறது. சாளரத்தின் மேலே எப்போதும் நிற்பது முதற்பட்டி. சொடுக்கிய பொருளைச் சார்ந்து வருவது சார்பட்டி.

ஏன் ‘சார்புப்பட்டி’ இல்லை என்று கேட்பீர்கள். கணக்குப் புத்தகத்தில் ‘உறவுகளும் சார்புகளும்’ படித்த பிள்ளைகளுக்குச் சார்பு என்றால் ‘ஃபங்ஷன்’ என்ற வேறு பொருள். நிரலெழுதுபவர்களும் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். சார்பட்டி வினைத்தொகை, ஒற்று மிகாது, இரண்டெழுத்துக் குறைச்சலாகப் பேசலாம்.

இச்சொல்லை வைத்து மற்ற சொற்கள் பிறக்கின்றனவா என்றும் பார்த்தேன். 2021-இல் விண்டோஸ் 11 இந்தப் பட்டியைச் சுருக்கி, பழைய நீளப் பட்டியைக் கடைசி வரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது அல்லவா? அவை குறுஞ்சார்பட்டி, முழுச்சார்பட்டி. க்னோமின் கோப்பு மேலாளரான நாட்டிலஸில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அடைவில் நிரலைப் போட்டால் உள்ளே திறப்பது துணைச்சார்பட்டி. நாக்கு சிக்கவில்லை.

‘தனிப்பயனாக்கல்’ (கஸ்டமைசேஷன்) பற்றி ஒரு வார்த்தை. ‘சூழல்சார் பட்டி தனிப்பயனாக்கல்’ என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். அதைப் பட்டிக்குள் வைத்தால் திரையில் பாதி போய்விடும். ‘சார்பட்டியை மாற்றியமை’ போதும். (புதுப்பேட்டைப் பட்டறைகளில் கேட்டால் ‘பட்டி பார்ப்பது’ என்றே சொல்லிவிடுவார்கள். பழைய வண்டியை நம் விருப்பத்துக்குத் தேற்றும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆனாலும் வேண்டாம்.)

குறையும் சொல்லிவிடுகிறேன். வடசென்னைக்காரர்களுக்கு இதைக் கேட்டதும் சார்பட்டா பரம்பரைதான் நினைவுக்கு வரும், குத்துச்சண்டைக் கையுறை தேடுவார்கள். அது சிரிப்போடு போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து இடைவெளி. ‘சார் பட்டி’ என்று பிரித்து எழுதிவிட்டால் யாரோ ஒரு சாரின் பட்டி ஆகிவிடும். கடைச் சுவரில் ஒட்டிய தாளில் நானே அப்படித்தான் எழுதித் தொலைத்தேன். மறுநாள் போனபோது பையன், “அண்ணே, எந்த சார்?” என்றான்.

ஞாயிறு மாலைக்குள் மறுப்பு வந்தால் பேசுவோம். வராவிட்டால் துனார் மொழிபெயர்ப்பில் என் பங்குக்கு வந்த சரங்களில் (மொழிபெயர்க்க வேண்டிய வரிகளில்) சேர்த்தே எழுதி அனுப்பிவிடுகிறேன். கடைத் தாளையும் மாற்றி ஒட்ட வேண்டும்.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து