ஓட்டு போடலன்னா கிளப் ஹவுஸ் சாவி கிடையாதாம்!

போரூர்_புலம்பல்:
எங்க அப்பார்ட்மெண்ட் செக்ரட்டரி வாட்சப் குரூப்ல ஒண்ணு போட்டிருக்கார். அரசியலமைப்பு 51ஏ படி ஓட்டு போடறது ஒவ்வொரு குடிமகனோட அடிப்படை கடமையாம், அடுத்த எலெக்சன்ல விரல்ல மை காட்டாத ஃப்ளாட்டுக்கு கிளப் ஹவுஸ் சாவி கிடையாதாம். கீழ வரிசையா தம்ஸ் அப் வேற. 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமையா போச்சா, மூணு நாள் லீவுன்னு பாதி பிளாக் ஏற்காடு கிளம்பிடுச்சு, அந்தக் கடுப்பு மனுஷனுக்கு இன்னும் தீரல. நான் ஓட்டு போட்டவன்தான், ஆனா மைக்கும் சாவிக்கும் என்னய்யா சம்பந்தம்? நிஜமாவே 51ஏல அப்படி இருக்கா?

ஈரோட்டு_வக்கீல்:
இல்ல. 51ஏல மொத்தம் 11 கடமை. எமர்ஜென்சி நடக்கறப்ப 1976ல 42வது திருத்தத்துல பத்து வந்துச்சு, 2002ல 86வது திருத்தத்துல 6 வயசுலேர்ந்து 14 வரைக்கும் புள்ளைய படிக்க வைக்கணும்னு ஒண்ணு சேர்த்தாங்க. கொடி இருக்கு, தேசிய கீதம் இருக்கு, காடு ஏரி ஆறு இருக்கு, பொதுச்சொத்து இருக்கு. ஓட்டு இல்ல. செக்ரட்டரிகிட்ட எந்த உட்பிரிவுன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, சாவி தன்னால வரும்.

பெரம்பூர்_வாத்தியார்:
அரைகுறையாகப் படித்துவிட்டு அடித்து விட வேண்டாம். 31 வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன். 51ஏ முதல் உட்பிரிவே அரசியலமைப்பைப் பின்பற்றி நடக்க வேண்டும் என்பதுதான். அதே அரசியலமைப்பில் 326வது பிரிவு வயது வந்தோர் வாக்குரிமை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓட்டுப் போடுவது கடமை. முடிந்தது. அப்புறம், "ஓட்டு போடலன்னா" இல்லை, "ஓட்டுப் போடலன்னா". ப் எங்கே? ஒற்றுப் போடத் தெரியாதவர்கள் ஓட்டுப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஈரோட்டு_வக்கீல்:
வாக்கு"ரிமை" சார். உரிமைன்னு நீங்களே டைப் பண்ணிட்டு அடுத்த வரில கடமைங்கறீங்க. அதுவும் அடிப்படை உரிமை கூட இல்ல, 1952லயே நம்ம நாமக்கல் தொகுதி பொன்னுசாமி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஓட்டு போடறதும் தேர்தல்ல நிக்கறதும் சட்டம் குடுத்த உரிமைன்னு. எந்த உட்பிரிவு, அத மட்டும் சொல்லுங்க.

பெரம்பூர்_வாத்தியார்:
முதல் உட்பிரிவு. சொல்லிவிட்டேன்.

டீக்கடை_பெஞ்ச்:
எங்க ஏரியா குடிமகன்கள் கடமை தவறினதே இல்லண்ணே. அரசாங்கத்துக்கு டெய்லி தலைக்கு இவ்ளோன்னு வரி கட்டிட்டுதான் வீட்டுக்கே போறாங்க. ஆனா எலெக்சன் வந்தா 48 மணி நேரம் கடைய மூடி குடிமகன் உரிமையிலயே கை வைக்கறாங்க, இதுக்கு எந்த உட்பிரிவு?

திருச்சி_குடிமகள்:
இந்த மொக்கைய எத்தன த்ரெட்லதான் போடுவீங்க. அப்புறம் எல்லாரும் குடிமகன் குடிமகன்னே எழுதறீங்களே, நாங்கல்லாம் யாரு, கெஸ்ட்டா?

டீக்கடை_பெஞ்ச்:
அக்கா குடிமகள்னு சொன்னா அர்த்தம் இன்னும் மோசமாயிடும்க்கா

ஜெர்சி_சிட்டி_மணி:
இந்தியாவுல இதான் பிரச்சனை, உரிமை உரிமைன்னு கத்துவாங்க, கடமைன்னா எந்த உட்பிரிவும்பாங்க. இங்க போன மாசம் எனக்கு ஜூரி டூட்டி லெட்டர் வந்துச்சு, லீவு போட்டுட்டு போயி ஒரு பெரிய ஹால்ல காலைலேர்ந்து உக்காந்திருந்தேன், டிவில சமையல் ப்ரோக்ராம், காபி மெஷின் ரிப்பேர், சாயங்காலம் நீங்க வேணாம் போங்கன்னுட்டாங்க. ஒரு பய முணுமுணுக்கல. சிட்டிசன்னா உலகத்துல எங்க இருந்தாலும் வருஷா வருஷம் டாக்ஸ் ஃபைல் பண்ணியே ஆகணும். அந்த பொறுப்பு நம்ம ஆளுங்களுக்கு வராது.

திருச்சி_குடிமகள்:
"நம்ம ஆளுங்க"ளா? நீங்க இந்திய பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணி எத்தன வருஷம் ஆச்சு?

ஜெர்சி_சிட்டி_மணி:
ஓசிஐ, அதான் ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா கார்டு இருக்கு மேடம்.

ஈரோட்டு_வக்கீல்:
ஓசிஐ குடியுரிமையே இல்ல. பேர்லதான் சிட்டிசன்னு இருக்கு, ஓட்டும் கிடையாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமைக்கே இங்க இடமில்ல. ஆக இந்த த்ரெட்லயே 51ஏ பொருந்தாத ஒரே ஆளு நீங்கதான், நீங்கதான் எங்களுக்கு கடமை பாடம் எடுக்கறீங்க.

ஜெர்சி_சிட்டி_மணி:
போன வருஷம் ஏரி த்ரெட்ல மூக்கு உடைஞ்ச கோவத்த இப்ப தீர்த்துக்கறீங்களா வக்கீல் சார்? வேப்பேரிங்கறது ஒரு ஏரின்னு சொன்னவரு தானே நீங்க

ஈரோட்டு_வக்கீல்:
அத நான் கிண்டலா சொன்னேன். ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

பெரம்பூர்_வாத்தியார்:
விஷயத்துக்கு வாருங்கள். நான் ஒன்பது தேர்தலில் பூத் டூட்டி பார்த்தவன். முந்தின நாளே மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், பள்ளிக்கூட பெஞ்சு இரண்டை ஒட்டிப் போட்டுப் படுத்து, கொசுக்கடியில் தூங்காமல், விடியற்காலையில் ஏஜெண்டுகள் முன்னால் ஐம்பது ஓட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அதை அழித்து, சீல் வைத்து உட்காருவோம். ஒரு தடவை ஒரு பாட்டியைப் பிளாஸ்டிக் சேரோடு இரண்டு பேரன்கள் தூக்கி வந்தார்கள். விரலெல்லாம் மடங்கிப் போய் நீட்ட வரவில்லை. மை வைக்கிறவர் கீழே முட்டி போட்டு நகத்தைத் தேடி வைத்தார். அந்தப் பாட்டிக்கு எந்த உட்பிரிவு தெரியும்? அதற்குப் பெயர் கடமை. ஏற்காட்டில் போய் போட்டிங் போனவனுக்கு அது புரியாது.

திருச்சி_குடிமகள்:
பூத் டூட்டி பெருமைய பேசினதால சொல்றேன். 2011ல நான் 49ஓ கேட்டேன், அதாவது யாருக்கும் ஓட்டு போடலன்னு பதிவு பண்ற விதி. அப்ப நோட்டா கிடையாது, 2013ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம்தான் வந்துச்சு. அந்த பூத்ல இருந்த ஆபீசர் "அதெல்லாம் இங்க இல்லம்மா, ஏதாவது ஒண்ண அமுக்கிட்டு போ"ங்கறார். நான் விடல. கடைசில ரிஜிஸ்டர்ல எழுதி கையெழுத்து வாங்கினார், வாங்கும்போதே சத்தமா "யாருக்கும் போடலியாம்"னு பக்கத்துல இருக்கறவர்கிட்ட சொல்றார், எல்லா கட்சி ஏஜெண்டும் திரும்பி என்னையே பாக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுடுச்சு. ஓட்டு போடறது கடமைன்னா, யாருக்கும் போடலன்னு சொல்ல வந்தவள அப்படித்தான் நடத்துவீங்களா?

பெரம்பூர்_வாத்தியார்:
49ஓ பற்றிக் கையேட்டில் தெளிவாக இருந்தது. நான் டூட்டி பார்த்த பூத்தில் அப்படி நடந்திருக்காது. ஒருவர் செய்ததற்கு ஆசிரியர் சமுதாயத்தையே குறை சொல்லக் கூடாது.

திருச்சி_குடிமகள்:
ஆசிரியர்னு நான் சொல்லவே இல்லியே??

டீக்கடை_பெஞ்ச்:
😂😂 சிக்கிட்டார்

டீக்கடை_பெஞ்ச்:
சரி வாத்தியாரே ஒரு டவுட்டு. 2016ல அரவக்குறிச்சி தஞ்சாவூர், 2017ல ஆர்.கே.நகர், பணம் விளையாடுதுன்னு தேர்தலையே ரத்து பண்ணாங்கல்ல. கவர் வாங்கிட்டு மறக்காம போயி அந்த சின்னத்துல அமுக்கறான் பாருங்க, அவன் கடமையில கரெக்டா இல்லையா? வாங்கிட்டு மாத்தி போட்டாதான தப்பு

பெரம்பூர்_வாத்தியார்:
விதண்டாவாதத்துக்குப் பதில் இல்லை.

கோத்தகிரி_குளிர்:
ரொம்ப நேரமா படிச்சிட்டிருக்கேன். எங்க தாத்தா இலங்கை மலையகம். 1947 எலெக்சன்ல அங்க ஓட்டு போட்டவர். 48ல குடியுரிமைச் சட்டம் வந்து குடியுரிமைய பறிச்சுச்சு, 49ல ஓட்டர் லிஸ்ட்லேர்ந்தும் தூக்கிட்டாங்க. காலைல பிரட்டுக்கு, அதான் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கற இடத்துக்கு போயி கொழுந்து எடுத்து, அந்த தேயிலைய வித்துதான் அந்த நாடே நடந்துச்சு, கடமைல என்ன கொறச்சல்? 1964ல இலங்கை பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து இந்தியாவுக்கு 5,25,000 பேரு, அங்க 3,00,000 பேருன்னு பிரிச்சாங்க, மிச்சம் இருந்த ஒன்றரை லட்சத்த அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாங்க. தாத்தாவ யாரும் ஒரு வார்த்த கேக்கல. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் இங்க டான்டீங்கற அரசு தேயிலைத் தோட்டம், மறுபடி அதே கொழுந்து. 77ல இங்க முதல் ஓட்டு போட்டுட்டு வந்து ரெண்டு நாள் அந்த விரலால சோறு பிசையலன்னு ஆத்தா சொல்லும்.

பெரம்பூர்_வாத்தியார்:
நெகிழ்ந்தேன் தம்பி. இதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன். கடமை!

கோத்தகிரி_குளிர்:
நான் கடமைன்னு எங்கங்கய்யா சொன்னேன். கடமைய முப்பது வருஷம் ஓட்டு இல்லாமயே செஞ்சாரு அவரு.

ஈரோட்டு_வக்கீல்:
அதான். கடமை எங்கன்னு உரிமைய புடுங்கினவன்கிட்டதான் கேக்கணும். இன்னொன்னு சொல்லவா, 51ஏக்கு அடித்தளம் போட்ட ஸ்வரண் சிங் கமிட்டி வரி கட்டறத கடமையா சேர்க்கச் சொல்லிச்சு, அதையே சேர்க்காம விட்டாங்க. கடமைய செய்யலன்னா தண்டனை போடலாம்னும் சொல்லிச்சு, அதையும் எடுத்துக்கல. கட்டாய ஓட்டுன்னு குஜராத்ல உள்ளாட்சிக்கு சட்டமே போட்டாங்க, 2015ல ஐகோர்ட் நிறுத்தி வச்சிருச்சு. இவ்ளோ இருக்கு, ஒரு அப்பார்ட்மெண்ட் செக்ரட்டரி சாவிய புடிச்சு வச்சுக்கறாராம்.

ஜெர்சி_சிட்டி_மணி:
ஆஸ்திரேலியாவுல 1924லேர்ந்து கட்டாயம், போடலன்னா 20 டாலர் ஃபைன். ஜஸ்ட் சேயிங்.

டீக்கடை_பெஞ்ச்:
இப்ப ஆஸ்திரேலியாவுக்கும் மாறிட்டீங்களா ப்ரோ

பெரம்பூர்_வாத்தியார்:
வரி வேறு, ஓட்டு வேறு. குழப்ப வேண்டாம். முதல் உட்பிரிவை நிறுத்தி நிதானமாகப் படிக்கவும். மற்றபடி போரூர் நண்பர் முதல் பதிவில் "அடிப்படை கடமை" என்று க் இல்லாமல் எழுதியதை இப்போதுதான் கவனித்தேன்.

போரூர்_புலம்பல்:
ஐயா அது செக்ரட்டரி எழுதினது. இப்ப அவர் குரூப்ல இன்னொண்ணு போட்டிருக்கார், 2024ல ஓட்டு போட்டதுக்கு ப்ரூஃபா மை வச்ச விரல் போட்டோ அனுப்பணுமாம். மை அழிஞ்சு எத்தன நாளாச்சு, நகமே எத்தனயோ தடவ வெட்டியாச்சு, எங்க போறது நான்

திருச்சி_குடிமகள்:
ஒரு வெட்டிப்போட்ட நகத்த கவர்ல போட்டு அனுப்புங்க.

ஈரோட்டு_வக்கீல்:
வாத்தியார் சார், முதல் உட்பிரிவ படிச்சிட்டேன். அரசியலமைப்பு, அதோட லட்சியம், அமைப்புகள், கொடி, கீதம். ஓட்டுங்கற வார்த்த எந்த வரில இருக்கு?

பெரம்பூர்_வாத்தியார்:
"அமைப்புகள்" என்று வருகிறதே, அதற்குள் அடக்கம். விரிவாகச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஈரோட்டு_வக்கீல்:
போன வாரம் ஹெல்மெட் த்ரெட்லயும் சாப்பிடத்தான் போனீங்க.